ஞாயிற்றுக்கிழமைக் கடல்

பிப்ரவரி 2, திங்கள்

கடலுக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஆழம், மிச்சமிருந்த காற்று எல்லாவற்றையும் தொல்லியல் துறையின் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அதில் எழுத முடியாததற்கு இந்த நோட்டு. என் மகள் ரெனிட்டாவின் போன வருடத்து அறிவியல் நோட்டு. பின்பாதி காலியாகக் கிடந்தது.

இன்று வலைகிழிச்சான் பார் என்கிற கடலடித் திட்டில் பன்னிரண்டாவது முறையாக இறங்கினேன். எங்கள் ஊர்ச் சிலுவைத்துறைக்காரர்கள் அந்த இடத்தில் வலை போட மாட்டார்கள், போட்டால் கிழியும். ஏன் கிழிகிறது என்று போன வருடம்தான் தெரிந்தது. ஏழு பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல், ஆழத்தில் ஒரு மரக்கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து பாதி மணலில் புதைந்து கிடக்கிறது. முந்நூறு வருடம் ஆகியிருக்கலாம் என்கிறார் எங்கள் குழுத் தலைவி வசுந்தரா மேடம். எந்த நாட்டுக் கப்பல், எங்கே போனது, ஏன் மூழ்கியது, ஒன்றும் தெரியாது. அதனால்தான் எதையும் எடுக்காமல் முதலில் முழுதாக வரைகிறோம். எந்தப் பொருள் எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது, வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் சாமான் என்பார் மேடம்.

வரைவது என் வேலை. கலங்கல் தண்ணீரில் கேமராவுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். கப்பலின் மேல் கயிற்றால் கட்டம் கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கட்டமாக, தண்ணீரில் ஊறாத தாளில் பென்சிலால் வரைகிறேன்.

மூன்றாவது கட்டத்தில் ஒன்பது பீங்கான் தட்டுகள் வரிசையாக இருந்தன. சனிக்கிழமை வரைந்தேன். இன்று ஆறுதான் இருந்தன. மணல் மூடியிருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மணலைக் கையால் விசிறிப் பார்த்தேன். ஆறுதான். மற்ற மூன்றும் இருந்த இடத்தில் மூன்று வட்டப் பள்ளம், பாசி படியாமல், வெளேரென்று. நீரோட்டம் தட்டை உருட்டிக்கொண்டு போகும். இப்படித் தூக்கி எடுக்காது.

பிப்ரவரி 7, சனி

நான்காவது கட்டத்தை முடித்தேன். பதினேழு செம்புப் பாளங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைக் கவராயம், மாலுமிகள் வரைபடத்தில் தூரம் அளக்க வைத்திருப்பது. இரண்டு காலும் லேசாக விரிந்தபடி, யாரோ இப்போதுதான் கீழே வைத்தது போலக் கிடந்தது. அதை மட்டும் நாற்பது நிமிடம் வரைந்தேன். காற்று குறைந்துவிட்டது என்று என்னோடு ஜோடியாக இறங்கும் நிவேதன் இரண்டு முறை தோளைத் தட்டினான்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படத்தைச் சுத்தமாக நகல் எடுத்தேன். டெரன்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இது என்னட்டி, கத்திரிக்கோலா?”

சொன்னேன்.

“பித்தளையா? இரும்பு இல்லல்லா?”

என் வேலையை இவ்வளவு கவனமாகக் கேட்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான். முன்னால் சங்கு குளித்தவர். நான்கு வருடத்துக்கு முன் இடது காதுச் சவ்வு கிழிந்தது, இனித் தலையை முக்கக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். இப்போது எங்கள் குழுவுக்கே கரையில் சிலிண்டர்களில் காற்று அடைத்துக் கொடுக்கிறார். மேடத்திடம் நான்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலைப் பூசைக்கு நானும் ரெனிட்டாவும் போனோம். டெரன்ஸுக்குக் காது வலி, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு படகும் கடலில் இறங்காது. கோயில் வாசலில் நின்று பார்த்தால் கடைசிவரை வெறும் தண்ணீர்தான்.

பத்தரைக்கு வீடு திரும்பினோம். அவர் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வந்தார். தலை ஈரமாக இருந்தது. வெயில் தாங்காமல் கரையில் ஒரு முழுக்குப் போட்டாராம். காதை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று திட்டினேன். ஆட்டுக்கறி வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

கவராயம் இல்லை. பாளங்களில் பதினொன்று இல்லை. கப்பலின் விலாப் பலகை ஒன்றைக் கடப்பாரை வைத்து நெம்பியிருக்கிறார்கள். முந்நூறு வருடம் கறுத்துப்போன மரத்துக்குள் புது மஞ்சள் தெரிந்தது. தண்ணீருக்கடியில் எனக்குக் குளிர்ந்தது.

கரைக்கு வந்ததும் மேடத்தை எங்கள் குழுவின் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமைப் படங்களையும் இன்றைய படத்தையும் காட்டினேன். அவர் மூன்றையும் பக்கம் பக்கமாகத் தரையில் விரித்தார்.

“ஜெசிந்தா, ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க வரைஞ்சு முடிச்ச கட்டத்துலதான் போகுது. வரையாத கட்டத்துல ஒரு பொருளும் நகரல.”

“ஆமா மேடம்.”

“அப்ப உங்க படத்தப் பாத்துட்டுதான் இறங்குறாங்க. படம் எங்கெங்க இருக்கு?”

“உங்க கம்ப்யூட்டர்ல. ஆபீஸ் அலமாரில.”

“வேற?”

“வேற எங்கயும் இல்ல மேடம்.”

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நிவேதனிடமும் படகுக்காரர் தொம்மை அண்ணனிடமும் கூட. வீட்டிலும் வேண்டாம் என்றபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வீட்டில் சொல்லாமல் எப்படி இருப்பது. டெரன்ஸிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை நின்றது. “போலீசுக்குச் சொல்லப் போறாவளா?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மறுபடி பிசைந்தார்.

பிப்ரவரி 11, புதன்

தலையணை உறையில் ரத்தம், காது இருக்கும் இடத்தில், எட்டணா அளவு. தீக்குச்சியால் குடைந்திருப்பார். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டேன். போய்விட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

இதை எழுதுவதற்கு முன் இரண்டு கதவையும் பூட்டினேன்.

நாலரை மணிக்கு ரெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைத் திறந்து, “அம்மா, ஒரு மாமா ஒங்கட்ட குடுக்கச் சொன்னாவ” என்று ஒரு பீங்கான் துண்டை என் கையில் வைத்தாள். வெள்ளையில் நீலப் பூ, பாதி இதழ். ஓரத்தில் பிறை போல ஒரு விரிசல். மூன்றாவது கட்டத்தில் ஏழாவது தட்டு. அந்த விரிசலை நான் என் கையால் வரைந்திருக்கிறேன். முழுத் தட்டை உடைத்து ஒரு துண்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

“எந்த மாமா? என்ன சொன்னான்?”

“ஸ்கூல் கேட்டுல நின்னாவ. ரெனிட்டாதான நீ, அம்மா நல்லா படம் வரைவாவளேன்னு சொன்னாவ. அம்மாவுக்குக் கை வலிக்கும், கொஞ்ச நாள் வரைய வேண்டாம்னு சொல்லுன்னாவ.”

அவளுக்குப் பயம் தெரியவில்லை. அந்த ஆள் சிரித்தானாம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஏன் கீழே உட்காருகிறாய் என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டெரன்ஸிடம் காட்டினேன். துண்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் சாம்பல் பூத்துப்போனது. “பிள்ளைகிட்டயா போனானுவ” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

வரைந்தேன். கோடு கோணியது. ஐந்தாவது கட்டத்தில் உண்மையில் இருப்பது இரண்டு உடைந்த ஜாடியும் கயிறு சுற்றும் கட்டையும்தான். வீட்டுக்கு வந்து நகல் எடுக்கும்போது வடக்கு மூலையில், வெறும் மணல் இருக்கும் இடத்தில், ஒரு கப்பல் மணியை வரைந்தேன். வெண்கலம் என்று பக்கத்தில் எழுதினேன். அந்தத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். சரியான படம் மேடத்திடம் இருக்கிறது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பூசை. டெரன்ஸுக்குக் காது வலி.

பிப்ரவரி 16, திங்கள்

இறங்கியபோதே காற்றில் ஏதோ வாடை. டீசல் மோட்டார் பக்கத்தில் நிற்பது போல. ஏறியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வடக்கு மூலையைப் பார்த்தாக வேண்டும்.

நேராகப் போனேன். நான் மணியை வரைந்த இடத்தில் மணலை இடுப்பளவு தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் அவ்வளவு பெரிய குழி.

அந்தத் தாள் என் வீட்டு மேசையில் மட்டும்தான் இருந்தது.

குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது தலை சுற்றியது. கண்ணுக்கு ஓரத்திலிருந்து இருட்டு வந்தது. கட்டத்துக் கயிறு இரண்டாக, நான்காகத் தெரிந்தது. நிவேதனைப் பார்த்துக் கையை ஆட்டினேனா இல்லையா, நினைவில்லை. அவன்தான் என் வாயிலிருந்ததைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடைய மாற்றுக் குழாயைத் திணித்து, இடுப்பைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தான். படகில் வாந்தி எடுத்தேன். தொம்மை அண்ணன் என் சிலிண்டரைத் திறந்து மோந்து பார்த்தார்.

“யம்மா, இது பூராம் பொகையில்லா!”

கொட்டகை வாசலில் டெரன்ஸ் நின்றார். அவர் ஓடிவந்து என்னைத் தொட்டபோது நான் கத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். மயக்கத்தில் கத்தினேன் என்று நினைத்திருப்பார்கள்.

என் சிலிண்டரில் சாக்பீஸால் என் பெயர் எழுதியிருக்கும். எழுதுவது அவர்தான். மற்ற மூன்று சிலிண்டரிலும் காற்று நன்றாக இருந்ததாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ரெனிட்டா பள்ளிக்குப் போன பிறகு அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் கத்தியைக் கையில் எடுத்தேன். வெங்காயம் வெட்டத்தான். அவர் பார்வை கத்தி மேல் இருந்தது.

“ஜெசி, ஒன்னக் கொல்லணும்னு நான் நெனப்பனாட்டி?”

வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தேன்.

“கம்ப்ரசர் ஓடிட்டு இருந்துச்சு. ஒன் சிலிண்டர்தான் கடைசி. அந்நேரம் அவனுவ போன் பண்ணுனானுவ. சத்தத்துல கேக்கலன்னு பின்னால போனேன். காத்து தெச மாறிட்டு. மோட்டார்ப் பொக உள்ள போனத நான் பாக்கல. சத்தியமா பாக்கல.”

“எவனுவ?”

பெயர் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள், மூன்று பேர், வேகப்படகும் கம்ப்ரசரும் குழாயும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதம் டீக்கடையில் பழக்கமாம்.

“எதுக்குங்க போனீய?” என்று கேட்டேன். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

அவர் உட்கார்ந்துவிட்டார். “நீ தெனமும் எறங்குத. என்னெல்லாமோ பாத்துட்டு வந்து மேசையில வரையுத. நான் மேல ஒக்காந்து காத்து அடைக்கேன். இருவது வருசம் கடலுக்குள்ள கெடந்தவன் நான். ஒரு தடவ கீழ போய்ப் பாக்கணும்னுதான் போனேன். மூணு தட்டோட நிறுத்தியிருக்கணும்.”

பிறகு மிச்சத்தையும் சொன்னார். மணிக்காக ஒரு மணி நேரம் தோண்டி ஏமாந்ததில் அவர்களுக்கு வெறி. “ஒம் பொண்டாட்டி வெளயாடுதா” என்றார்களாம். வரும் ஞாயிறு, அப்போது கப்பலின் அடியில் கண்ணில் பட்ட ஒரு வெண்கலப் பீரங்கியை எடுக்கப் போகிறார்கள். மேலே பலகை அழுத்திக்கொண்டிருக்கிறது, அதனால் தோட்டா வைக்கப் போகிறார்கள். மீன் பிடிக்கக் கடலில் வெடிக்கிற வெடிமருந்துத் தோட்டா. கப்பலில் ஒரு கட்டை மிஞ்சாது.

“அதோட விட்டுருவானுவ ஜெசி. இந்த ஒரு ஞாயிறு. நான் போகலன்னா பிள்ளைய...”

வெங்காயம் வெட்டி முடித்தேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டோம், மூவரும், ஒரே வரிசையில்.

பிப்ரவரி 20, வெள்ளி

ரெனிட்டாவை நாகர்கோவிலில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பரீட்சைக்கு முன்னால் எதற்கு லீவு என்று அக்கா கேட்டாள். அம்மை போட்டிருக்கிறது, தெருவில் நிறையப் பிள்ளைகளுக்கு என்று சொன்னேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். சிரித்தவர்களை இரண்டு முறை பார்த்தேன்.

மாலையில் மேடத்தின் அறைக்குப் போனேன். “ஞாயித்துக்கிழம காலைல பூசை நேரத்துல வாராங்க. தோட்டா வைக்கப் போறாங்க” என்றேன்.

“யார் சொன்னது?”

“சனிக்கும் திங்களுக்கும் நடுவுலதான மேடம் எல்லாம் போகுது. கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

“தோட்டா? அதுவும் கணக்குல வந்ததா?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கடலோரப் போலீசில் தெரிந்த அதிகாரியைப் போனில் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு, “இடத்தைக் காட்டவும் கீழ இறங்கிப் பாக்கவும் ஒரு ஆள் வேணுமாம். நான் போறேன். நீங்க வர வேண்டாம் ஜெசிந்தா” என்றார்.

“நான்தான் மேடம் வருவேன்.”

பிப்ரவரி 21, சனி

அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டினேன். “நாளைக்கு என்கூடப் பூசைக்கு வாங்க” என்றேன். ஒரு முறை சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை, “ரெனிட்டா பத்திரமா இருக்கா. நீங்க வாங்க” என்று கையைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவர் அவர்களிடம் சொல்லியிருப்பாரோ, மாட்டாரோ. அது தெரியாமல்தான் பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

“ஒரே ஒரு ஞாயிறுதானட்டி” என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

போலீஸ் படகில் நான், மேடம், நான்கு காவலர்கள். கரையிலிருந்தே சிலிண்டரை மாட்டிக்கொண்டேன். தொம்மை அண்ணன் அடைத்துத் தந்த காற்று. எட்டரை மணிக்குப் பூசை மணி கேட்டது. கடலில் வேறு படகே இல்லை, அந்த ஒன்றைத் தவிர.

அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே எங்களைப் பார்த்துவிட்டார்கள். மேல்தட்டில் இரண்டு பேர் அங்குமிங்கும் ஓடுவது தெரிந்தது. மூன்றாவது ஆள் மோட்டாரைக் கிளப்பினான். படகின் பக்கவாட்டிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கீழே இருப்பவனுக்குக் காற்று போகும் குழாய். படகு அதையும் இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனது. குழாய் விறைத்து நின்றது. ஒருத்தன் குனிந்து அதை வெட்டினான்.

படகு தெற்கே பறந்தது. “பின்னால போங்க, விடாதீங்க” என்று ஒரு காவலர் கத்தினார்.

“நிறுத்துங்க” என்றேன். என் சத்தம் எனக்கே தெரியவில்லை. “கீழ ஆள் இருக்கு. நிறுத்துங்க!”

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு தெற்கே நின்ற இன்னொரு படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு எங்கள் படகை அந்த இடத்தில் நிறுத்தினார். மேடம் முகக்கண்ணாடியை எடுப்பதற்குள் நான் குதித்துவிட்டேன்.

சங்கு குளிக்கிறவர்கள் குழாயை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். படகு இழுத்த இழுப்பில் அந்தக் குழாய் கப்பலின் விலாக்கட்டையில் இரண்டு சுற்றாக மாட்டி, அவரைக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கால் மட்டும் அசைந்தது. கை முடிச்சில் இருந்தது, அவிழ்க்கும் பலம் இல்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

என் வாயிலிருந்ததை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். கடிக்கவில்லை. மூக்கைப் பிடித்து மறுபடி அழுத்தினேன். கடித்தார். மார்பு ஒரு தடவை ஏறியது. என் மாற்றுக் குழாயைத் தேடி நான் மூச்சு இழுப்பதற்குள் என் மார்பு வெடித்துவிடும் போல இருந்தது. கத்தியால் குழாயை அறுத்தேன். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி மேலே வந்தோம். வேகமாக ஏறக்கூடாது. வேகமாக ஏறினால் நுரையீரல் கிழியும். அவர் மேலே போகத் திமிறினார். கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து இழுத்து ஏற்றினேன்.

தண்ணீருக்கு மேல் வந்ததும் அவர் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. படகில் கிடத்திய பிறகு மேடம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “தெரியும்” என்றார், என்னிடம் மட்டும்.

அந்த மூன்று பேரையும் பதினொரு மணிக்குப் பிடித்துவிட்டார்கள். தோட்டாக்கள் படகிலேயே இருந்தன. கப்பல் இருக்கிறது. பீரங்கி பலகைக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 25, புதன்

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். டெரன்ஸுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. ஒன்று கொஞ்சம் திரும்பலாம் என்கிறார் டாக்டர். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: நீதான் கூட்டிட்டு வந்தியா?

ஆமாம் என்று எழுதினேன்.

பேனாவைக் கேட்டு வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி

வாக்குமூலம் கொடுக்கப் போனேன். ஏட்டம்மா ஒருவர் எழுதினார். அழகான கையெழுத்து. எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, தாள், பொய்யாக வரைந்த மணி, பிள்ளையிடம் கொடுத்த துண்டு. மேடத்திடம் வேறு எங்கும் படம் இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். மூன்று பேரில் ஒருத்தனைச் சிரிப்பை வைத்து ரெனிட்டா அடையாளம் காட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அவர்கள் ஜாமீனில் வந்தால் எங்கே வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஏட்டம்மா, “நாலாவது எதிரிக்கும் ஒங்களுக்கும் என்னம்மா உறவு?” என்று கேட்டார்.

“எதிரியா?”

“குத்தம் சாட்டப்பட்டவங்கள அப்படித்தாம்மா எழுதுவோம். அது வெறும் வார்த்த.”

“வேற வார்த்த போட முடியாதா?”

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“வீட்டுக்காரர்” என்றேன்.

நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் ஏட்டம்மாவின் பேனா என் கையில் இருப்பதைப் பார்த்தேன். உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வர ஒரு நிமிடம் ஆகாது. போகவில்லை. மறுபடி அந்த மேசைக்கு முன்னால் நின்றால் எல்லாவற்றையும் அடித்துவிடச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பஸ் வந்தது. பேனாவோடு ஏறிவிட்டேன்.